ஊரில் இருப்பது ஒரே ஒரு ஆள்! மேயரும் அவர்தான், வரி கட்டுபவரும் அவர்தான்

வணக்கம் நண்பர்களே! ஒரு பாட்டி மதுக்கடை நடத்துகிறார். வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். மாநில அரசு அந்தத் தாளை ஊரின் செயலாளருக்கு அனுப்பும். செயலாளர் யார்? பாட்டி. கையெழுத்துப் போடும் எழுத்தர்? அதே பாட்டி. கடைசியில் உரிமத்தை வாங்கிக்கொள்ளும் கடைக்காரர்? சொல்லவே வேண்டாம்!

இது கதையில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் மொனோவை என்ற ஊர். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர் ஒருவர். எல்சி ஐலர்.

வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடுவோம். 1902 வாக்கில் ரயில் பாதை வந்தது, ஊர் முளைத்தது. 1930களில் 150 பேர். மளிகைக் கடைகள், பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் நிலையம், எல்லாம் இருந்தன. 1960களின் கடைசியில் தபால் நிலையத்துக்கும் மளிகைக் கடைக்கும் பூட்டு. 1974இல் பள்ளிக்கூடமும் போனது. 1980இல் 18 பேர். 2000இல் எல்சியும் கணவர் ரூடியும் மட்டும். 2004இல் ரூடி இறந்துபோனார்.

சரி, ஊர் ஏன் காலியானது? வறட்சி, விலை வீழ்ச்சி என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஊரின் ஆயுள் குதிரையின் கால்களில் இருந்தது. அந்தச் சமவெளியில் ரயில் கம்பெனிகள் பக்கம் பக்கமாக ஊர்களை வைத்தன. விவசாயி காலையில் வண்டி பூட்டி, தானியத்தை இறக்கி, சாமான் வாங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமே! அப்புறம் கார் வந்தது. பத்து நிமிடத்தில் அடுத்த ஊர், ஒரு மணி நேரத்தில் பெரிய ஊர். நடுவில் இருக்கும் மளிகைக் கடையில் யார் நிற்பார்கள்? டிராக்டர் வேறு வந்துவிட்டது. நாலு குடும்பம் பார்த்த நிலத்தை ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டது. மீதி மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் வேலை தேடி நகரத்துக்குப் போனார்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வீடியோவைத் தள்ளிவிடாதீர்கள்! ஊரில் நாலு தெருவிளக்குகள். அதற்கு மாநில நிதி வேண்டுமென்றால் சாலைத் திட்டம் ஒன்றைத் தயாரித்து அனுப்ப வேண்டும். வருடா வருடம் எல்சி தயாரித்து அனுப்பினார். விளக்குக்கும் தண்ணீருக்கும் சுமார் 500 டாலர் வரி போட்டு, அதைத் தானே கட்டினார். மேயர் தேர்தலுக்கு அறிவிப்பு ஒட்டி, தனக்கே ஓட்டும் போட்டார். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி, மறு எண்ணிக்கைக்கும் வேலையில்லை!

2020 கணக்கெடுப்பு இன்னும் வேடிக்கை. மொனோவையில் இரண்டு பேர் என்றது. யாரும் குடிவரவில்லை. தனிநபர் விவரம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கணக்கெடுப்புத் துறையே சின்ன ஊர்களின் எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் குறைத்து வெளியிடுகிறது. மாநில மொத்தத்தில் மட்டும் கைவைப்பதில்லை. அதில் வந்து சேர்ந்தவர்தான் அந்த இரண்டாவது ஆள்! ஒரே ஆள் வாழும் ஊரில் என்ன ரகசியம் என்று கேட்காதீர்கள், கணினிக்கு அதெல்லாம் தெரியாது.

ரூடி சேர்த்து வைத்த சுமார் 5,000 புத்தகங்களை ஒரு சிறிய கொட்டகையில் அடுக்கி, அவர் பெயரில் நூலகமும் திறந்தார் எல்சி. நூலகர் யார் என்று கமெண்டில் சொல்லுங்கள், பார்க்கலாம்!