பழைய மடிக்கணினிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் பிறகு பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. திரையில் கீறல்கூட விழாத மடிக்கணினிகளை மக்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவற்றில் பழுது எதுவும் இல்லை. ஆனால் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, கணினியில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறது. 2016இல் வாங்கிய நல்ல கணினி இந்தக் கணக்கில் வெளியே நின்றுவிடுகிறது.

மேக் நல்ல இயங்குதளம்தான். ஆனால் ஆப்பிள் தன் சொந்தக் கணினிகளுக்கு மட்டுமே அதைத் தருகிறது. கையில் இருக்கும் கணினியைக் காப்பாற்ற அது உதவாது.

மிஞ்சுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருநிரலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, வெளியிட்டார். மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதன்மேல் எழுந்த லினக்ஸ் வகைகள்தான் டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாம். வீட்டுக்கு நான் மின்ட்டையே சொல்வேன். இடது கீழ் மூலையில் மெனு, கீழே பட்டை என்று விண்டோஸில் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியாது. 4 ஜி.பி. நினைவகம் (ராம்) இருந்தால் போதும். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கண்ணுக்கே தெரியும்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்று அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பெரியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாக முடியும். விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்ற தமிழ் விசை அமைப்பைச் சேர்த்துவிட்டால், கடிதமும் கட்டுரையும் வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் எழுதலாம்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர், போட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர் இருவரும் விண்டோஸை விட வேண்டாம். அந்த மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடுவதில்லை. வேர்டில் சிக்கலான அட்டவணையோடு செய்த கோப்பு லிப்ரே ஆபிஸில் சற்று இடம் மாறித் தெரியலாம். ஆனால் பாடம் படிக்கவும் வங்கி இணையதளம் பார்க்கவும் பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசவும் கணினி வைத்திருக்கும் குடும்பம், அதற்காகப் புதிதாக ஒன்று வாங்கிக் கடன்பட வேண்டியதில்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

நிறுவாமலே பார்த்துக்கொள்ளும் வழியும் உண்டு. மின்ட்டை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் ஆகாது. அதற்கென்று உள்ள எச்சர், ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். கணினியை அதிலிருந்து தொடங்கினால் வன்தட்டைத் தொடாமலே மின்ட் திரைக்கு வரும். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, கேமரா தெரிகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

பிடித்துப்போய் நிறுவ முடிவெடுத்தால், வன்தட்டு முழுவதையும் அழிக்கட்டுமா என்று நிறுவும்போது ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் சொன்னால் உள்ளே இருப்பவை போய்விடும். எனவே கல்யாணப் படங்கள், சான்றிதழ்கள், கணக்குக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அந்த வேலையில் இறங்குங்கள்.

நன்றி, வணக்கம்.