உங்க ஓட்டு ரகசியம்… உங்க தெரு ஓட்டு?

[காட்சி: தர்மபுரி பக்கம் ஒரு டீக்கடை, விடிகாலை]

ஓட்டு எண்ணி முடிச்ச மறுநாள் நம்ம ஊர் டீக்கடையில இந்தப் பேச்சு ஓடும். "உங்க பக்கம் நமக்கு நாப்பத்திரெண்டுதான் விழுந்திருக்கு. மத்தவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதுங்க. பொத்தானை அமுக்கினா, யாருக்குப் போட்டோம்னு அச்சடிச்சுக் காட்டற விவிபேட் மெஷின் கண்ணாடிக்குள்ள சீட்டு 7 விநாடி தெரியும், அப்புறம் பெட்டியில விழுந்துடும். பூத் ஏஜென்ட் பட்டியல்ல டிக் அடிக்கறது யார் வந்தாங்க, யார் வரலைங்கறதை மட்டும்தான்.

ஆனா அந்த நாப்பத்திரெண்டு நிஜம்!

[காட்சி: படிவம் 20, நெருக்கத்தில்]

எண்ணறது மெஷின் மெஷினாத்தான். எந்த பூத்ல யாருக்கு எத்தனைன்னு படிவம் 20-ல வந்துடும். ஒரு பூத்னா நம்ம பக்கம் ஒரு சின்ன கிராமம், இல்ல ரெண்டு மூணு தெரு, ஒரு காலனி. ஆளைப் பிடிக்க முடியலைன்னாலும் தெருவைப் பிடிச்சுடலாம். "நூறு நாள் வேலையில பேரு வராது", "தண்ணி டேங்க் கேட்டு இந்தப் பக்கம் வந்துடாதீங்க"ன்னு சொல்ல அது போதும்.

இன்னொண்ணு கற்பூரம். கவரைக் குடுத்துட்டு குலதெய்வத்து மேல சத்தியம் வாங்கறது. மீறினா சாமி குத்தம், ஊரை விட்டுத் தள்ளிவெப்போம்னு பயமுறுத்தறது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123-வது பிரிவு இது ரெண்டையுமே பேர் சொல்லி முறைகேடுங்குது. சாமி கோபம்கற வார்த்தை வரைக்கும் அதுல இருக்கு. எழுதினவங்க நம்ம ஊரைப் பார்த்துட்டுப் போயிருப்பாங்களோ என்னவோ.

2024 மக்களவைத் தேர்தல்ல தமிழ்நாட்டுலயே அதிகமா ஓட்டு விழுந்தது தர்மபுரியில, 81 சதவீதத்துக்கு மேல. எனக்கும் அதுல பெருமைதான். ஆனா வரிசை நீளமா இருந்ததை வச்சு வரிசையில பயம் இல்லைன்னு சொல்லிட முடியாது. 2019-ல இதே தொகுதியில, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் 8 பூத்ல அத்துமீறல் புகார் கிளம்பி, மே 19 அன்னிக்கு மறுபடியும் ஓட்டுப்போட வெச்சாங்க.

[காட்சி: பழைய ஓட்டுப்பெட்டி]

சீட்டுல முத்திரை குத்தின காலத்துல, எந்தத் தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு தெரியாம மறைக்க ஒரு வழி இருந்துச்சு. மிரட்டல் இருக்கும்னு தேர்தல் ஆணையம் நினைச்சா, பல பூத் சீட்டையும் ஒண்ணாக் கலந்து எண்ணச் சொல்லலாம், விதி 59ஏ. மெஷின் வந்ததும் கலக்க முடியாமப் போச்சு. 14 பூத் கணக்கை மொத்தமா மட்டும் காட்டற 'டோட்டலைசர்' கருவியை 2008-லயே தேர்தல் ஆணையம் முன்வெச்சது. 2015-ல சட்ட ஆணையமும் சரின்னுச்சு. மத்திய அரசு ஒத்துக்கல. பூத் வாரியா தெரிஞ்சாத்தான் கட்சிக்காரங்க எங்க வேலை பார்க்கணும்னு புரியுமாம்.

எந்த வேலைன்னு டீக்கடையில கேட்டோமே.