பதுங்குகுழியின் அந்தப் பக்கம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் காரைக்குடிப் பெருமக்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரியின் பக்கமிருந்து சொல்லப்படும் போர்ப்படங்கள் போரின் உண்மையைக் காட்டுகின்றனவா, எதிரியின் குற்றத்துக்கு வெள்ளையடிக்கின்றனவா? இதுதான் நடுவர் எங்கள் முன் வைத்திருக்கும் கேள்வி. உண்மையைக் காட்டுகின்றன என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா தம் பேச்சை இரங்கூனில் தொடங்கினார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்த நகரத்தின் மீது குண்டு பொழிந்ததைச் சொன்னார். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய வீடுகள் நிறைந்த இந்த மண்ணில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கு நெஞ்சு கனக்காது? பர்மாவில் கொடுத்த கடனையும் வாங்கிய நிலத்தையும் விட்டுவிட்டு, காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்தவர்களின் ஊர்கள் இவை. வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அதைச் சொல்லிவிட்டு ஐயா கேட்டார்: "அந்தக் குண்டைப் போட்டவனுடைய தாய் அழுதாளா என்று பார்க்க நான் எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்?" நீங்கள் கைதட்டினீர்கள். நியாயமான கேள்வி என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

ஐயா, 2006-ஆம் ஆண்டு கிளின்ட் ஈஸ்ட்வுட் என்ற அமெரிக்க இயக்குநர் இவோ ஜிமா தீவுப் போரைப் பற்றி இரண்டு படங்கள் எடுத்தார். முதல் படம் அமெரிக்க வீரர்கள் அங்கே கொடி நட்ட கதை. அதை எடுத்த கையோடு, அதே போரை ஜப்பானியர் பக்கமிருந்து, ஜப்பானிய நடிகர்களை வைத்து, ஜப்பானிய மொழியிலேயே எடுத்தார். அதுதான் 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா'. 1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்கியது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த போரில் ஏறத்தாழ 6,800 அமெரிக்கர்கள் இறந்தார்கள். தீவில் இருந்த ஜப்பானியர் சுமார் 21,000 பேர். அவர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் ஆயிரத்தைச் சுற்றித்தான். இவ்வளவு பேரைப் பலிகொடுத்த நாட்டின் இயக்குநர் எதற்காக எதிரியின் குகைக்குள் போனார்?

போனதால் என்ன தெரிந்தது என்று பாருங்கள். மலைக்குள் ஒரு குகை. போர் கைவிட்டுப் போய்விட்டது. சரணடையக்கூடாது, மானத்தோடு சாக வேண்டும் என்பது கட்டளை. ஒவ்வொரு வீரனாகக் கையெறிகுண்டின் ஊசியைப் பிடுங்கி, தலைக்கவசத்தில் தட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். அழுதுகொண்டே செய்கிறான். அங்கே நிற்கும் இளைஞன் ஒருவன் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தவன். கட்டாயமாகப் படைக்கு இழுத்துவரப்பட்டவன். வீட்டில் அவன் முகமே பார்த்திராத குழந்தை இருக்கிறது. இவனும் குண்டை எடுக்க வேண்டும் என்று அந்த ராணுவம் எதிர்பார்க்கிறது.

வெளியே நிற்கும் அமெரிக்க வீரனுக்கு என்ன தெரியும்? குகை வாயிலில் புகை வந்ததுதான் தெரியும். "வெறியர்கள், தாங்களே வெடித்துச் சாகிறார்கள்" என்றுதான் சொல்வான். உள்ளே இருந்து பார்த்தவனுக்குத்தான் அது ஒரு அரசு தன் பிள்ளைகளையே கொன்ற கொலை என்று தெரியும். ஜப்பானிய ராணுவத்தின் மீது இதைவிடக் கடுமையான குற்றப்பத்திரிகையை வெளியிலிருந்து எவராலும் எழுத முடியாது. ஐயா, இரங்கூன் மீது குண்டு போட உத்தரவிட்ட அதே அதிகாரம்தான் இந்தக் குகைக்கும் உத்தரவிட்டது. டிக்கெட் வாங்க வேண்டிய காரணம் அது.

அதே படத்தில் இன்னோர் இடம். நிஷி என்ற அதிகாரி, 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்றவர், காயம்பட்ட அமெரிக்க இளைஞன் ஒருவனைக் குகைக்குள் கொண்டுவரச் செய்கிறார். மருந்து தட்டுப்பாடான நேரத்திலும் வைத்தியம் பார்க்கச் சொல்கிறார். பையன் பிழைக்கவில்லை. அவன் சட்டைப்பையில் தாய் எழுதிய கடிதம். நிஷி அதை ஜப்பானிய மொழியில் வாசிக்கிறார். சுற்றி உட்கார்ந்திருந்த வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நிற்கிறார்கள். கேட்டவர்களில் ஒருவன் பிறகு சரணடையப் போகிறான். அமெரிக்கக் காவலாளி அவனைச் சுட்டுவிடுகிறான். இதையும் எடுத்தவர் அமெரிக்கர்தான், நடுவர் அவர்களே. தன் படைவீரன் கைதியைக் கொன்றதைத் தன் நாட்டுத் திரையரங்கிலேயே காட்டியவரைப் பார்த்து வெள்ளையடித்தார் என்று சொல்வது எந்த நியாயம்?

அடுத்து, எனக்கு முன் பேசிய சகோதரி மிகக் கூர்மையாக ஒன்று சொன்னார். எதிரியை மனிதனாகக் காட்டினால் பார்ப்பவர் இரங்குவார், இரங்கினால் மன்னித்துவிடுவார் என்றார். அம்மா, இரக்கம் வேறு, மன்னிப்பு வேறு. நீங்கள் அஞ்சுவதற்கு நேர் எதிரானது நடப்பதை ஒரு படத்தில் பார்த்தேன்.

1981-இல் வொல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்த 'டாஸ் பூட்'. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்குள் நடக்கும் கதை. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளில் சென்ற 40,000 ஜெர்மன் மாலுமிகளில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற வாசகத்தோடு படம் தொடங்குகிறது. ஆள் அகலமே உள்ள இரும்புக்குழாய்க்குள் எண்ணெய் நாற்றம், வியர்வை, தாடி, பூசணம் பிடித்த ரொட்டி. மேலே போர்க்கப்பல் போடும் குண்டுகள் வெடிக்கும்போது, அவர்கள் மூச்சைப் பிடித்தால் நாமும் பிடிக்கிறோம். அவர்கள் தப்பித்தால் நமக்கும் நிம்மதி. சகோதரி அஞ்சும் இரக்கம் முழுதாக வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த இரவு வருகிறது. தாங்கள் தாக்கிய பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் பல மணி நேரம் கழித்தும் மூழ்காமல் எரிந்துகொண்டிருக்கிறது. இன்னொரு குண்டு விட்டு அதை முடிக்கிறார்கள். விட்ட பிறகுதான் தெரிகிறது, கப்பலில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். உடம்பில் தீயோடு கடலில் குதிக்கிறார்கள். நீர்மூழ்கியை நோக்கி நீந்தி வருகிறார்கள், காப்பாற்றுங்கள் என்று கதறுகிறார்கள். கப்பல் தலைவர், கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்கிறார். அவ்வளவுதான். குரல்கள் விலகிப் போகின்றன.

இவ்வளவு நேரம் நாம் நேசித்த மனிதர்கள் செய்தது இது. முன்பின் தெரியாத அரக்கன் செய்திருந்தால், அரக்கன் அப்படித்தான் என்று எழுந்து போயிருப்போம். தெரிந்தவன் செய்ததால் அது நெஞ்சில் தைத்துக்கொள்கிறது. எதிரியை மனிதனாக்கினால் குற்றத்தின் எடை கூடுகிறது, அம்மா, குறையவில்லை. அரக்கனுக்கு நீதிமன்றம் கிடையாது. மனிதனுக்குத்தான் உண்டு.

எதிரியின் பக்கம் போகும் எல்லாப் படங்களும் நேர்மையானவை என்று நான் வாதாடவில்லை. தற்கொலைப் படைவீரர்களைத் தெய்வமாக்கி, அவர்களை அனுப்பியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத படங்கள் ஜப்பானிலேயே வந்திருக்கின்றன. அவற்றுக்கு நான் வழக்காட மாட்டேன். இவனை அங்கே அனுப்பியது யார் என்று ஒரு படம் கேட்கிறதா இல்லையா என்பதே என் உரைகல்.

அப்படிக் கேட்கும் படத்தைக் கண்டு உண்மையில் பயப்படுபவர் யார்? அதற்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1930-இல் அமெரிக்காவில் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' வெளியானது. முதல் உலகப்போரில் அமெரிக்கா ஜெர்மனியோடு மோதி முடித்துப் பன்னிரண்டே ஆண்டுகள். படம் முழுக்க ஜெர்மன் வீரன் ஒருவனின் கதை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வீரவுரை ஆற்றுகிறார், பையன்கள் படையில் சேர்கிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். குண்டு விழுந்த பள்ளத்தில் கதாநாயகன் பால், தான் குத்திய பிரெஞ்சு வீரனோடு ஓர் இரவு முழுவதும் கிடக்கிறான். அவன் பையில் மனைவியும் மகளும் இருக்கும் படத்தைப் பார்க்கிறான். எதிரியின் கதையான இந்தப் படத்துக்கு அமெரிக்கா சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கொடுத்தது.

அந்த எதிரியின் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? 1930 டிசம்பரில் பெர்லினில் படம் ஓடியபோது, கோயபல்ஸ் தலைமையில் நாஜிகள் அரங்கத்துக்குள் நாற்றக்குண்டு வீசினார்கள், வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களில் படம் தடை செய்யப்பட்டது. மூலக்கதையான நாவலை 1933-இல் தீயிலிட்டார்கள். ஜெர்மன் வீரனின் வலியைச் சொன்ன படத்தை எரிச்சலோடு எதிர்த்தவர்கள், ஜெர்மன் இளைஞர்களை அடுத்த போருக்கு அனுப்பக் காத்திருந்தவர்கள். எதிரணி நண்பர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இந்தப் படங்கள் எதிரியின் ஆட்சியாளனுக்கு உதவுகின்றன என்றால், அவன் ஏன் எலியைப் பிடித்துக்கொண்டு தியேட்டருக்கு வந்தான்?

எதிரணியின் இளைய பேச்சாளர் தம்பி, இதெல்லாம் மேல்நாட்டு மோகம், நம் மரபில் எதிரிக்கு இடம் கிடையாது என்றார். தம்பி, இதை நீங்கள் வேறு எந்த ஊரிலாவது சொல்லியிருக்கலாம். பங்குனி வந்தால் கம்பனுக்கு விழா எடுக்கிற ஊரில் நின்று சொல்லிவிட்டீர்கள். கம்பன் இராமன் பக்கம்தான். ஆனால் கும்பகருணன் வாயில் அவன் வைத்த சொல் என்ன?

"நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்."

அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தே, சோறிட்டவனுக்காகச் சாகப்போகிறவனின் சொல் இது. இதைப் படித்துவிட்டு இராவணன் பக்கம் சாய்ந்தவர் யாரும் இல்லை.

சரி, காவியத்தை விடுங்கள். இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது திருப்பத்தூர். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களை ஆங்கிலேயர் தூக்கிலிட்ட ஊர். சின்ன மருது எப்படிப்பட்ட மனிதர் என்று நமக்கு நெருக்கமாகக் காட்டும் எழுத்து யாருடையது? அவரை வேட்டையாடிய படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரியுடையது. 1830-இல் லண்டனில் வெளியான தன் போர் நினைவுகளில் அவர் எழுதியிருக்கிறார். முன்பு மதுரையில் இருந்த காலத்தில் சின்ன மருது தனக்கு நல்ல அரிசியும் பழமும் அனுப்பியதை, ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக்கொடுத்ததை நன்றியோடு சொல்கிறார். பிறகு அதே மனிதரைக் காட்டு விலங்கைப்போலத் துரத்த நேர்ந்ததையும், தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததைப் பார்த்ததையும், அண்ணனோடும் மகனோடும் தூக்கில் தொங்கியதைக் கண்டதையும் எழுதுகிறார்.

அந்த அதிகாரிக்கு நம் மருது எதிரி. எதிரியை மனிதனாக எழுதக்கூடாது என்று அவர் நினைத்திருந்தால், கம்பெனியின் அறிக்கைகளில் மருது வெறும் கலகக்காரராக மட்டுமே மிஞ்சியிருப்பார். வளரி வீசக் கற்றுக்கொடுத்த அந்தக் கை நமக்குக் கிடைத்திருக்காது. எதிரியின் எழுத்தால் நம் வீரன் நமக்குக் கிடைத்த ஊரில் இருந்துகொண்டு, எதிரியின் கதை நமக்கெதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, எதிரணித் தலைவர் ஐயா எழுப்பிய சயாம் மரண ரயில். இந்த அரங்கில் இன்று பேசப்பட்டவற்றிலேயே கனமானது அதுதான். 1942-லும் 43-லும் சயாமுக்கும், அதாவது இன்றைய தாய்லாந்துக்கும், பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏமாற்றியும் இழுத்தும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு ஒழுங்கான கணக்குகூட இல்லை. "முதலில் இவர்கள் கதையை எடுங்கள், அப்புறம் ஜப்பானியன் கதைக்குப் போகலாம்" என்றார் ஐயா.

எடுக்க வேண்டும். நானும் கேட்கிறேன். ஆனால் அந்தக் கதையை மறைத்தது யார் என்று பாருங்கள். அந்த ரயில்பாதையை உலகுக்குத் தெரியவைத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' 1957-இல் வந்தது. நம் இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்டது. ஏழு ஆஸ்கர் வாங்கியது. அதன் நாயகர்கள் பிரிட்டிஷ் கைதிகள். ரயில்பாதையில் விழுந்த தமிழ்த் தொழிலாளியின் கதை அதில் இல்லை. அவனைத் திரையிலிருந்து விலக்கியது எதிரியின் பார்வை அல்ல, ஐயா. வென்ற பக்கத்தின் பார்வை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த முகாம்களில் கம்போடு காவல் நின்றவர்களில் பலர் ஜப்பானியர்களே அல்லர், கொரியர்கள். தங்கள் நாட்டையே ஜப்பானிடம் பறிகொடுத்து, அதே ஜப்பானியப் படையின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவர்கள். கைதிகளிடம் கொடுமையாக நடந்துகொண்டதற்காகப் போருக்குப் பின் கொரியக் காவலர்கள் சிலர் தூக்கிலும் தொங்கினார்கள். நம் பக்கத்தில் மட்டும் கேமராவை வைத்தால், தமிழன் முதுகில் விழும் கம்பு தெரியும், கம்பைப் பிடித்த கை தெரியும். அந்தக் கையை அங்கே கொண்டுவந்து நிறுத்திய டோக்கியோவின் மேசை தெரியாது. மேசையைக் காட்ட வேண்டுமென்றால் கேமரா வேலியைத் தாண்டி அந்தக் காவலன் தங்கிய கொட்டகைக்குள் போயே ஆக வேண்டும்.

நம் மக்களின் சாவுக்கு முழுக் கணக்குக் கேட்கும் படம் ஒன்று தமிழில் வர வேண்டும், நடுவர் அவர்களே. அது அந்தக் கொட்டகைக்குள்ளும் போகும் படமாக இருக்க வேண்டும். அதற்கு வழிவிடும் தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.