35 டாலர் கட்டாதீர்கள்: மின்னிதழ்கள் குறித்த சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை அரசு கலைக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் மாணவி அனுப்பியிருக்கிறார். "ஐயா, புராஜெக்ட்டுக்காக ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் 35 டாலர் கட்டச் சொல்கிறது. கல்லூரியில் அதே கட்டுரை காசில்லாமல் திறந்ததாகத் தோழி சொல்கிறாள். வீட்டிலிருந்து படிக்க வழி உண்டா? நூலகரிடம் போய்க் கேட்கத் தயக்கமாக இருக்கிறது" என்கிறார்.

அந்தப் பணத்தைக் கட்டவே கட்டாதீர்கள் அம்மா. உங்களுக்காக அதை ஏற்கெனவே கட்டியாயிற்று. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், வைலி, ஸ்பிரிங்கர் நேச்சர் உட்பட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதில் அடக்கம். மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடிப் பேருக்கானது அது. வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் உங்கள் பெயரில் செலவாகிறது. மக்களின் வரிப்பணம் அது. பயன்படுத்தாமல் விட்டால் யாருக்கு லாபம்?

சரி, தோழிக்குத் திறந்த கட்டுரை உங்களுக்கு ஏன் திறக்கவில்லை? பதிப்பகத்தின் இணையதளத்துக்கு உங்களையும் தெரியாது, அவரையும் தெரியாது. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது இணைய இணைப்புக்குரிய எந்த எண்ணிலிருந்து வருகிறீர்கள் என்று மட்டும் பார்க்கும். கல்லூரி தன் இணைப்பின் முகவரிகளை முன்பே பதிவு செய்து கொடுத்திருக்கும். ஆகவே கல்லூரி வைஃபையில் திறந்தால் கதவு திறக்கும். செல்போன் டேட்டாவில் திறந்தால், நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் டாலர்தான் கேட்கும். "இங்கேயும் வரவில்லை" என்று எழுந்துபோகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கையிலிருக்கும் போனில் வைஃபை அணைந்திருக்கும், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து படிக்க 'இன்ஃபெட்' என்ற ஏற்பாடு இருக்கிறது. பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்கான இணையச் சேவைகளைக் கவனிக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் அதை நடத்துகிறது. கட்டுரைப் பக்கத்தில் நிறுவனம் வழியாக உள்ளே போவதற்கு ஓர் இணைப்பு இருக்கும். அதில் கல்லூரியின் பெயரைத் தேடி எடுத்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் படிப்பவர்கள், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவானாலும் கணக்குக்குக் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். பெரும்பாலும் நூலகர்தான் அதைக் கவனிப்பவர்.

அதனால் தயக்கத்தை விட்டுவிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை 1931இல் எழுதி வைத்தார். அதில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல, உங்கள் நூலகருடைய வேலையையே கேட்கிறீர்கள். வெறுமனே "கட்டுரை வேண்டும்" என்று போய் நிற்காமல் தலைப்பு, இதழின் பெயர், ஆண்டு, கட்டுரையின் முதல் பக்கத்தில் 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் (அந்தக் கட்டுரைக்கே உரிய அடையாள எண்), இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கணக்கு கிடைத்த மகிழ்ச்சியில் ஓர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும் மென்பொருள் வைத்து அள்ளிவிடாதீர்கள். பதிப்பகம் அதைக் கண்டுபிடித்தால் கல்லூரி முழுவதற்குமே இணைப்பைத் துண்டிக்கும். கடவுச்சொல்லை வெளியாட்களுக்குக் கொடுப்பதும் அதே வகைத் தவறுதான்.

புராஜெக்ட் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. கணக்கே தேவையில்லை. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஆய்வேட்டை எடுத்து, முன்னாய்வுகளைப் பற்றிய இயலை முதலில் படியுங்கள். எந்தெந்தக் கட்டுரைகளைத் தேட வேண்டும் என்ற பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும். அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். மூலக் கட்டுரையைத் தேடிப் படித்து, அதையே சான்றாகக் காட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கட்டுரை கிடைக்கவில்லையா? முதல் பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். எந்தக் கல்லூரி, என்ன ஆய்வு, எதற்காகத் தேவை என்று நான்கு வரி எழுதுங்கள். தம் கட்டுரையை ஒரு மாணவி படிக்கக் கேட்கிறார் என்றால் பலரும் மனமுவந்து அனுப்பிவைப்பார்கள்.