மரபணு கெட்டது கெட்டபடியே இருக்க, புற்றுநோய் செல் அடங்கியது எப்படி?

மார்பகப் புற்றுநோய் செல் ஒன்று. அதன் மரபணுக் கோளாறில் ஒன்றைக்கூடத் திருத்தாமல் அதை ஒழுங்குக்குக் கொண்டுவர முடியுமா? ஆய்வுக்கூடத்தில் முடிந்திருக்கிறது. அந்த ஆய்வைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. 1889இல் ஸ்டீபன் பாஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளை அலசினார். நோய் எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் பரவவில்லை; கல்லீரல், எலும்பு என்று இடம் பார்த்துப் போயிருந்தது. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லியா தெரிய வேண்டும்? மாறாமலைக் கிராம்பை மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் நட்டால் என்ன ஆகும்?

சரி, மார்பகத்தில் அந்த மண் எது? ரத்தக் குழாய்கள், நோய் எதிர்ப்பு செல்கள், கொலாஜன் நார், அந்த நாரைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். புற்றுநோய் இவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் கொலாஜனை அள்ளிக் கொட்ட, அந்த இடமே இறுகிப்போகிறது. கட்டி விரலுக்குக் கல் மாதிரி தட்டுப்பட இதுவும் ஒரு முக்கியக் காரணம். அம்மாமாரே, அக்காமாரே, வலி இல்லையே என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

அந்த இறுக்கத்தைச் செல் தொட்டு உணர்கிறது. உணர்வது இன்டெக்ரின் என்ற புரதம். 'பெருகு, சாகாதே' என்ற உத்தரவு அது வழியாக உள்ளே போகிறது.

இப்போது 1997, கலிபோர்னியாவின் பெர்க்லி. மீனா பிஸ்ஸெல் என்ற விஞ்ஞானியின் குழு மார்பகச் செல்களை ஜெல்லுக்குள் வளர்த்தது. நல்ல செல்கள் குட்டி உருண்டையாக அடுக்கிக்கொண்டு, ஓர் அளவில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. புற்றுநோய் செல்கள் உருவமே இல்லாமல் குவிந்துகொண்டே போயின. இன்டெக்ரினில் போய் ஒட்டி அதை அடைக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தை அவற்றுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! அதே கெட்ட மரபணுவோடு, அந்தச் செல்களும் அழகான உருண்டையாக அடுக்கிக்கொண்டு அடங்கின. எத்தனை முறை படித்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அப்படி அடங்கிய செல்களை எலிகளில் செலுத்தியபோதும், அந்தச் செல்கள் கட்டி உண்டாக்குவது குறைந்தது.

அப்புறம், ஜெல்லில் அடங்கியிருந்த செல்களைப் பிரித்து, ஆன்டிபாடி இல்லாமல் வளர்த்தார்கள். பழையபடி குவிய ஆரம்பித்துவிட்டன.