கைபழக்கும் நிமிடங்களின் விலை

நேயர்களுக்கு வணக்கம். புதிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரை உருவாக்க அரசுக்கு என்ன செலவாகிறது என்று அடிக்கடி பேசுகிறோம். பழக்கிவிடும் வைத்தியருக்கு என்ன செலவாகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அவர் கொடுப்பது நேரம்.

1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தது. பயிலுநர் கைவைத்த சத்திரசிகிச்சை சராசரியாக 12.64 நிமிடம் கூடுதலாக நீண்டது. சத்திரசிகிச்சைக்கூடமான தியேட்டரின் நேர விலைப்படி, நான்கு வருடத்தில் ஒரு பயிலுநருக்கு 47,970 டொலர்.

அந்தக் கணக்கைக் கொழும்பில் ஐந்து பேர் கொண்ட லிஸ்டில், அதாவது ஒரு நாளைய சத்திரசிகிச்சைப் பட்டியலில், போட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் தாண்டிவிடும். கடைசி நோயாளி இன்னொரு நாளுக்குத் தள்ளப்படுவார். நிபுணரின் அரச சம்பளம் கூடாது, மாலையில் தனியாரிடம் கட்டணத்துக்கு நோயாளிகளைப் பார்க்கும் சனலிங்கோ பிந்தும். காத்திருந்தவர்கள் எழும்பிப் போனால் அந்த வருமானமும் போய்விடும்.

இந்த நிமிடங்கள் எங்கே போகின்றன? சிறு துளைகள் வழியாகக் கமெராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் லப்பரஸ்கோப்பி முறையில் பித்தப்பை எடுப்பதைப் பார்ப்போம். பித்தப்பையின் கழுத்தருகே கொழுப்பையும் இழையத்தையும் விலக்கி, ஈரல் படுக்கையிலிருந்து பையின் கீழ் மூன்றிலொரு பகுதியைப் பிரித்து, இரண்டே குழாய்கள்தான் பைக்குள் போகின்றன என்று கண்ணால் உறுதிசெய்த பிறகே கிளிப் போடவேண்டும். பழகுபவர் தயங்குவது இங்கேதான். தயங்கவும் வேண்டும், அவசரப்பட்டால் பொதுப் பித்தநாளம் வெட்டுப்படும். அந்தக் காயத்தைத் திருத்த ஆகும் செலவின் முன் பதினைந்து நிமிடம் பெரிதே அல்ல.

பிழை பெரும்பாலும் லிஸ்ட் போடும்போதே நடக்கிறது. பழக்கும் கேஸைக் கடைசியில் வைத்தால் நேரம் நெருக்கும். நிபுணர் கருவியை வாங்கித் தானே முடித்துவிடுவார். பயிலுநர் கமெரா பிடித்தபடியே நிற்பார். முதல் கேஸாகப் போடுங்கள். எல்லாப் படியையும் ஒரே நாளில் கொடுக்கவேண்டாம். முதலில் ஈரலிலிருந்து பையைப் பிரிக்கும் கடைசிப் பகுதி, அது கைவந்த பின் கழுத்துப் பகுதி. ஊசி பிடித்து முடிச்சுப் போடுவதைப் பயிற்சிப் பெட்டியிலேயே பழகிவிட்டு வரட்டும். அதை மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் நேரத்தில் கற்பிப்பது நியாயமில்லை.

இவ்வளவு செய்தாலும் கூடுதல் நிமிடம் இல்லாமல் போகாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 முதல் நிபுணர்களைத் தந்துவருகிறது. அந்தப் பயிற்சியின் நேரச் சுமை தியேட்டரில் நிற்பவர்களின் மேல் விழுகிறது. தியேட்டர் பதிவேட்டில் எந்தப் படியை யார் செய்தார், எத்தனை நிமிடம் என்று இரண்டு நிரல் சேர்த்தால் போதும். கொடுப்பனவு கேட்பதானாலும் கூடுதல் லிஸ்ட் கேட்பதானாலும், அமைச்சின் முன் வைக்க அந்த எண்கள் வேண்டும்.