முதலில் யார் போனார்கள்?

நண்பர்களே, வணக்கம்.

இங்கே இருப்பவர்களில் பலர் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அதனால் சத்தீஸ்கரின் தென்பகுதியான பஸ்தரையும் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தையும் பற்றிப் பேசுகிறேன். 2012 ஏப்ரலில் பஸ்தர் பகுதியில் உள்ள சுக்மாவின் கலெக்டர் அலெக்ஸ் பால் மேனனை மாவோயிஸ்டுகள் கடத்தியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கிராம மக்களைச் சந்திக்கப் போன இடத்தில்தான் அது நடந்தது. அவருடைய பாதுகாவலர்கள் இரண்டு பேர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஒடிசாவின் மல்கான்கிரி கலெக்டர் வினீல் கிருஷ்ணாவைக் கடத்தினார்கள். அவரும் உள்கிராமங்களுக்குத் தேடிப் போனவர்.

இவற்றை வீரக்கதைகளாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். எனக்கு அதில் மனமில்லை. அந்த ஊர்களுக்கு அரசாங்கத்தின் பெயரில் அதுவரை யார் யார் போயிருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

மல்கான்கிரியையே எடுத்துக்கொள்வோம். அங்கே பலிமேலா என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம். மின்சாரத்துக்காகக் கட்டியது, இன்று 510 மெகாவாட் திறன். தண்ணீர் தேங்கியதும் அந்தப் பக்கத்தில் 151 கிராமங்கள் துண்டாகிப் போயின. மூன்று பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் ஆந்திர எல்லைக் காடு. பிரசவ வலி எடுத்தாலும், பாம்பு கடித்தாலும், ரேஷன் வாங்க வேண்டுமானாலும் படகுதான். அவர்கள் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் எங்கெங்கோ எரிந்தது, கரையோர ஊர்கள் பல இருட்டில் கிடந்தன. அந்த இருட்டுக்குள்தான் மாவோயிஸ்டுகள் வந்து உட்கார்ந்தார்கள். 2008-இல் அதே நீர்த்தேக்கத்தில் படகில் வந்த ஆந்திரத்தின் கிரேஹவுண்ட்ஸ் என்ற மாவோயிஸ்ட் எதிர்ப்புச் சிறப்புப் போலீஸ் படையினர் மேல் தாக்குதல் நடத்தினார்கள், 38 பேர் இறந்தார்கள். அப்புறம் எந்த ஒப்பந்தக்காரர் அங்கே பாலம் கட்ட வருவார்? குருப்ரியா பாலம் ஒருவழியாகத் திறந்தது 2018 ஜூலையில். நீளம் 910 மீட்டர். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பாலத்துக்கு ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தார்கள் அந்த மக்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பஸ்தரில் கதை வேறு மாதிரி. அங்கே அரசாங்கம் வராமல் இல்லை. முதலில் வந்தது வனக்காவலராக. இலுப்பைப் பூ பொறுக்கினால், விறகு எடுத்தால், பாட்டன் உழுத நிலத்தை உழுதால், எல்லாம் குற்றம். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் முகப்புரையே பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை ஒப்புக்கொள்கிறது. அடுத்து வந்தது போலீஸ். 2005-இல் சல்வா ஜுடும் என்று மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவில் ஓர் ஆயுத இயக்கம் தொடங்கி, ஊர் ஊராகக் காலியாகி, மக்கள் சாலையோர முகாம்களில் கிடந்தார்கள். பழங்குடி இளைஞர்கள் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. இன்னொரு பக்கம் மாவோயிஸ்டுகள் பள்ளிக் கட்டடங்களைத் தகர்த்தார்கள், உளவாளி என்று சொல்லிச் சொந்த ஊர்க்காரர்களையே கொன்றார்கள். இரண்டு துப்பாக்கிக்கும் நடுவில் நின்றவர்களின் பிள்ளைகள் வருடக்கணக்கில் பள்ளிக்கூடத்தை இழந்தார்கள்.

சரி, நல்லதாக எதுவுமே நடக்கவில்லையா? நடந்தது. சத்தீஸ்கரில் 2002-இல் மிதானின் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு குடியிருப்பிலும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியையே சுகாதாரப் பணியாளராக வைத்தார்கள். நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள் வந்தது அதற்குப் பிறகுதான். 2020 ஜனவரியில் பஸ்தரில் மலேரியா ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது வீடு வீடாகப் போய், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். முதல் சுற்றில் தொற்று இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் காய்ச்சலே இல்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளி வரட்டும் என்று காத்திருந்தால் இவர்கள் ஒருநாளும் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். ஓடையும் காடும் கடந்து போனவர்களால்தான் இது முடிந்தது. அங்கே அரசாங்கம் என்றால் முதலில் அந்தப் பெண்கள்தான். கலெக்டர் அவர்களுக்கு அடுத்துத்தான்.

சாலை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் 2021 மே மாதம் பஸ்தர் பகுதியின் சில்கேர் கிராமத்தில் என்ன நடந்தது என்று படியுங்கள். ஒரே இரவில் பாதுகாப்புப் படை முகாம் வந்தது. மக்கள் எதிர்த்துக் கூடினார்கள், துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்டவர்கள்தான் அவர்கள். எங்கள் கிராம சபையை ஏன் கேட்கவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்த பெசா சட்டம் வந்தது 1996-இல். கால் நூற்றாண்டு கழித்தும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

2025 மே மாதம் பஸ்தரின் அபூஜ்மாட் காட்டில் மாவோயிஸ்ட் பொதுச்செயலாளர் கொல்லப்பட்டார். ஆயுதப் போராட்டம் முடிவுக்கு வருகிறது என்கிறார்கள். அதே அபூஜ்மாட்டில் பெரும்பகுதி நிலம் வெகுகாலம் அளக்கப்படவே இல்லை. அளக்கவில்லையென்றால் பதிவேடு இல்லை. பதிவேடு இல்லையென்றால் பட்டா இல்லை, பயிர்க்கடன் இல்லை, விளைந்த நெல்லை அரசு விலைக்குப் போடவும் வழியில்லை. படையால் இதைச் செய்துதர முடியாது. நிலம் அளப்பவர்தான் வர வேண்டும்.

உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் பணி கிடைத்தால் கோண்டியும் ஹல்பியும் பேசக் கற்றுக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பாளரை நம்பி உட்காராதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரமே காலிப்பணியிடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை நர்ஸ் இல்லை, எத்தனை ஆசிரியர் இல்லை, நில அளவைக்கு ஆள் இருக்கிறதா என்று. புதுக் கட்டடத்துக்கான கோப்பில் கையெழுத்துப் போடுவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.